புகையும் தழையும் புனலும்

உடல் அழுக்குறுதலும், அவ்வழுக்கை நீக்கிக்கொள்ளுதலும் எல்லா உயிர்க்கும் பொதுவாம். யானை ஆற்றிலே படிகின்றது. குருவி புழுதியிலே புரளுகின்றது. ஆயின், கண்ணுக்குப் புலனாகாத அழுக்கொன்று தன்மேலும் தன் மனைமேலும் படிந்துளதென்று கருதி, அதனைப் போக்கவும் முயல்வோன் மனிதன் ஒருவனே. பிணி வந்தவிடத்தும், பிறப்போ இறப்போ நேர்ந்தவிடத்தும், பிறர் பொறாமைக்கண் பட்டதோ என்று அஞ்சியவிடத்தும், புதுமனை புகும்பொழுதும் அவன் தீயையும் நீரையும் நாடுகின்றான், தழையைப் பறிக்கின்றான், புகையை எழுப்புகின்றான். இவ்வழக்கங்களை அறியாமையென்று ஒருங்கே தள்ளுவாரும் உளர். முன்னோர் செய்தன யாவும் விஞ்ஞானமே என்று ஒருங்கே கொள்ளுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஆராயும் தொழிலினின்று தம்மை விடுவித்துக்கொண்டவரே யாவர். இவ்வழக்கங்கள் யாவை, எத்துணைத் தொன்மையுடையன, எவ்வளவிற்குப் பயன் தருவன, எவ்விடத்தில் தீங்காக முடிவன என்பவற்றை இயன்றவளவு ஆய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

காஞ்சிமாநகருக்கு அணித்தேயுள்ள முசரவாக்கத்திலும் அதனையொத்த பிற சிற்றூர்களிலும் இவ்வழக்கங்களை இன்றும் காணலாம். விடியற்காலத்தில் வாயிலிலே சாணநீர் தெளித்துக் கோலமிடுவர். வெள்ளிக்கிழமை மாலையில் தணற்சட்டியிலே சாம்பிராணியிட்டு அறைதோறும் கொண்டு செல்வர். நெசவாளர் மனையாயின் அப்புகை தறிக்கும் காட்டப்பெறும். ஆயுத பூசையன்று தறிக்கும் நாடாவுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆடித் திங்களில் அம்மனுக்குக் கூழ் வார்க்குங்கால் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம் அசையும், மஞ்சள்நீர் பெருகும். மணமக்களையும் மகவீன்று திரும்பும் மகளையும் வாயிலிலே நிறுத்தி ஆலம் சுற்றுவர். குழந்தை ஓயாது அழுதால் உப்பும் மிளகாயும் கடுகும் கையிற்கொண்டு மும்முறை சுற்றி அடுப்பிலே போடுவர். நெடி எழாவிடின் கண்ணேறு பட்டது மெய்யே என்று கூறித் தேறுவர். சாம்பிராணிப் புகை கிறிஸ்தவர் மனைக்கும் அயலானதன்று. கத்தோலிக்க ஆலயங்களில் தூபக் கலசம் வழிபாட்டின் உறுப்பாகும். சாம்பற் புதனன்று நெற்றியிலிடும் சாம்பல், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறுவதாம்.

பண்டைய வழக்கு

இவை நேற்றுத் தோன்றியன அல்ல. புறநானூற்றிலே அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு ஒரு மனையின் நிகழ்ச்சியைக் காட்டுகின்றது. போரிலே புண்பட்ட தலைவன் மனையிற் கிடக்கின்றான். மனைவி தன் தோழியரை அழைக்கின்றாள். இரவ மரத்தின் தழையையும் வேம்பின் தழையையும் மனையிலே செருகுகின்றனர், யாழ் முதலிய கருவிகள் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகாகிய ஐயவியைத் தூவுகின்றனர், ஆம்பற் குழலை ஊதுகின்றனர், மணியை ஒலிப்பிக்கின்றனர், காஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர், மனை முழுதும் நறும்புகையை எழுப்புகின்றனர். அந்நூலின் 296ஆம் பாட்டிலும் வேம்பின் கிளை ஒடித்தலும், காஞ்சி பாடுதலும், நெய்தோய்ந்த கையர் ஐயவியைப் புகைத்தலும் கூறப்பெறுகின்றன. புண்பட்டோனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்தலைத் தொல்காப்பியர் தொடாக் காஞ்சி என்னும் துறையாக வகுத்துள்ளார். திருமுருகாற்றுப்படையில் வரும் குறிஞ்சி நில வழிபாட்டிலும் நெய்யும் ஐயவியும் இடம் பெறுகின்றன.

காஞ்சி என்னும் சொல் ஒரு மரத்திற்கும், ஒரு பண்ணிற்கும், நிலையாமை கூறும் புறத்திணை ஒன்றிற்கும், தொண்டை நாட்டின் தலைநகர்க்கும் பெயராக வழங்குதல் நினையத்தக்கது. புண்பட்டோனைக் காக்கப் பாடிய பண்ணும் நிலையாமையை உணர்த்தும் திணையும் ஒரு பெயர் பெற்றமை, அம்மனைவியின் நெஞ்சத்தையே நமக்கு எடுத்துக் காட்டுவது போலும். உயிர் நில்லாதென்று அவள் அறிவாள். அறிந்தும் விளக்கருகே விழித்திருந்து தழை செருகுகின்றாள். இவ்வழக்கங்களின் வேர் அறியாமையிலே மட்டும் ஊன்றியதன்று. அன்பிலும் அச்சத்திலும் ஊன்றியது. இதனை மறந்து அவற்றை எள்ளுதல் தகாது.

பிற நாட்டாரும் இவ்வாறே செய்தனர். கிரேக்கப் பெருங்காப்பியமாகிய ஒடிசியின் 22ஆம் பகுதியில், பகைவரைக் கொன்ற ஒடிசியசு தன் மாளிகையைக் கந்தகப் புகையாலே தூய்மை செய்கின்றான். வடஅமெரிக்கப் பழங்குடி மக்களுட் பலர் வெண்ணிறச் செடியொன்றின் இலையையும் நறும்புல்லையும் புகைத்துத் தம்மைத் தூய்மை செய்துகொள்வர். அவர்தம் சமய உரிமையைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் 1978ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பெற்றது. அதுகாறும் தடைகளுக்கு ஆளாகியிருந்த ஒரு மக்களின் புனிதப் பொருள், இற்றை நாளில் உலகக் கடைகளிலே கட்டுக் கட்டாக விலைபோவது காலத்தின் விந்தையே.

புகை

புகைத்தற்குரிய பொருள்களுள் சாம்பிராணி, குங்கிலியம், மட்டிப்பால், அகில் என்பன நம் நாட்டிற் பெயர் பெற்றவை. இவற்றுள் முதல் மூன்றும் மரத்தின் பட்டையைக் கீறியவழி ஊறி உறையும் பிசின்கள். அகிலோ நோயுற்ற மரத்தின் வயிரத்திலே திரளும் நறுமணக் கட்டையாம். சாம்பிராணி எனப் பெரும்பாலும் வழங்குவது சுமாத்திரா முதலிய கீழ்த்திசைத் தீவுகளின் மரத்திலிருந்து வருவது. அராபிய வணிகர் அதனைச் சாவகத்துப் பிசின் என்னும் பொருள்பட லுபான் ஜாவி என்றனர். அச்சொல் ஐரோப்பியர் நாவிலே சிதைந்து பென்சாயின் ஆயிற்று. அப்பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. அவ்வமிலத்திலிருந்து பெற்ற நீர்மம் பென்சீன் என்னும் பெயர் பூண்டது. நம் வேதியியல் மாணவர் நாடோறும் உரைக்கும் அச்சொல்லிலே சாம்பிராணியின் மணம் கலந்துள்ளமையை அவர் அறிவாராக. அவ்வமிலமும் அதன் உப்பும் உணவுப் பொருள் கெடாமற் காக்க இன்றும் பயன்படுகின்றன.

புகை கிருமிகளைக் கொல்லுமோ எனின், ஓரளவு கொல்லும் என்பதே விடையாம். இலக்குமணபுரியிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மரச்சுள்ளியும் மருந்துச் சரக்குகளும் கலந்து மூடிய அறையிலே ஒரு மணி நேரம் புகைத்தபொழுது காற்றிலுள்ள பாக்டீரியங்கள் நூற்றுக்கு 94க்கு மேற்பட்ட அளவிற் குறைந்தன என்று கண்டனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, குந்துருக்க இனப் பிசினிலுள்ள ஒரு பொருள் சுண்டெலிகளின் அச்சத்தைத் தணித்தது என்று காட்டிற்று. புகை சூழ்ந்த ஆலயத்திலே மனம் அடங்குதற்கு ஒரு காரணம் இதுவாகலாம் என்று கருத இடமுண்டு. எனினும் மூடிய அறையிற் கண்டதைத் திறந்த தெருவிற்கு ஏற்றுதலும், சுண்டெலியிற் கண்டதை மனிதன்மேல் ஏற்றுதலும் பொருந்தா.

காரணம் பிழையாயிருந்தும் காரியம் பலித்தலும் உண்டு. தீய காற்றே நோய்க்கு முதலென்று முன்னோர் பலர் கருதினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியிலே தீய காற்று என்பது பொருள். அந்நோயைப் பரப்புவது கொசு என்பதற்குரிய சான்றை ரொனால்டு ராஸ் என்பார் 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்திலே கண்டறிந்தார். அதற்கு முன்னரே நம் ஊர்களில் அந்திப்பொழுதிலே நொச்சித் தழையையும் வேப்பந்தழையையும் புகைத்து வந்தனர். பேயை ஓட்டுகின்றோம் என்று எண்ணியே புகைத்திருப்பினும், ஓடியது கொசுவேயாம். அதனால் நோயும் சிறிது குறைந்திருத்தல் கூடும்.

ஆயின் புகை என்பது எரிந்தும் எரியாததுமாகிய நுண்துகளே என்பதை மறவற்க. கிருமியை வாட்டும் அதுவே நுரையீரலையும் வாட்டும். மூடிய அறையிலே நாடோறும் புகை நிறைப்பின், இரைப்பு நோயுடையார்க்கும் முதியோர்க்கும் துன்பம் மிகும். நீராட்டிய பச்சிளங் குழவியின் தலையைச் சாம்பிராணிப் புகையிலே காட்டி உலர்த்தும் வழக்கத்தைக் குழந்தை மருத்துவர் வேண்டாவென்று தடுக்கின்றனர். பாட்டியின் அன்பைப் பழித்து அவர் அங்ஙனம் கூறினாரல்லர். மெல்லிய துணியே அவ்வேலையைத் தீங்கின்றிச் செய்யும் என்பது அவர் கருத்தாம்.

போகிப் பண்டிகையும் ஈண்டு நினையத்தக்கது. மார்கழியின் இறுதி நாளிலே பழையன கழித்துத் தீயிலிடுதல் ஒரு தூய்மைச் சடங்கே. பழம்பாயும் துடைப்பமும் முறமும் எரிந்த காலத்தில் அத்தீயால் விளைந்த கேடு சிறிது. ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் பொருளும் எரியத் தொடங்கியபின் நிலை மாறியது. 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை வானூர்தி நிலையத்தைச் சூழ, வானூர்திகள் பல இறங்கமாட்டாது வேற்றூர்க்குச் சென்றன. தூய்மைக்காக மூட்டிய தீ ஒரு மாநகரின் காற்றை அழுக்காக்கியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் ஆண்டுதோறும் விடுக்கும் வேண்டுகோள் சடங்கைத் தடுப்பதன்று. சடங்கின் பொருளை நமக்கு நினைவூட்டுவதேயாம்.

தழை

தழைகளுள் வேம்பிற்கு ஈடு வேறின்று. பாண்டியர்க்கு அது மாலை. சிற்றூர்த் தெய்வத்திற்கு அது கோயில். மருத்துவனுக்கு அது சரக்கறை. 1942ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் அறிஞர் வேப்பெண்ணெயினின்று நிம்பின் முதலிய கைப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1968ஆம் ஆண்டில் வேப்பம் விதையினின்று பிரிக்கப்பெற்ற அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிகளின் ஊணையும் வளர்ச்சியையும் தடுக்க வல்லது. பயிரின் பூஞ்சணத்தை வேப்பெண்ணெயாலே தடுக்கும் முறைக்கு அமெரிக்கர் சிலர் 1994ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றனர். அது பழைமையான அறிவே என்று இந்தியர் முறையிட, அவ்வுரிமை 2000ஆம் ஆண்டில் நீக்கப்பெற்று, 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் தோற்றது. மஞ்சளாற் புண் ஆற்றும் முறைக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழங்கப்பெற்ற உரிமையும் 1997ஆம் ஆண்டில் நீங்கியது. நம் பாட்டிமாரின் அஞ்சறைப் பெட்டி அயல்நாட்டு வழக்கு மன்றங்களிலே சாட்சி கூறிய வரலாறு இது.

அம்மை கண்ட வீட்டின் வாயிலிலே வேப்பிலை செருகுதல் நம் நாட்டு வழக்கம். நோயாளியை வேப்பிலைமேற் கிடத்துவர். அரிக்குமிடத்தை இலைக்கொத்தால் மெல்ல வருடுவர். நோய் தணிந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு வார்ப்பர். அவ்விலை கண்டார் உள்ளே புகார். புகுந்தாரும் குளித்தே புகுவர். ஒட்டுவாரொட்டிப் பிணிக்கு இதனினும் நல்ல அறிவிப்புப் பலகை எழுத்தறியாத காலத்தில் எவர் எழுதவல்லார்? விரலால் சொறியாது இலையால் வருடுதலாற் கொப்புளம் உடைந்து சீழ்ப் பிடித்தலும் குறையும்.

நிற்க. வேப்பிலை பெரியம்மையை ஒழித்ததோ எனின், இல்லை. பல்லாயிரம் மனைகளிலே இலை செருகப்பெற்றது. பல்லாயிரம் குழந்தைகள் மடிந்தன. பிழைத்தாருட் சிலர் கண்ணிழந்தனர். எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டிற் கண்ட அம்மைப்பால் 1802ஆம் ஆண்டில் பம்பாயை வந்தடைந்தது. அன்று தொடங்கிய போராட்டம் நூற்றெழுபது ஆண்டுகட்கு மேல் நடந்தது. தெய்வம் சினக்கும் என்று அஞ்சி அம்மை குத்தலை மறுத்தார் பலர். பணியாளர் வீடு வீடாகச் சென்று நோயாளியைக் கண்டவிடத்து, அவரைச் சூழ்ந்தோர்க்கெல்லாம் அம்மை குத்தினர். 1975ஆம் ஆண்டு மே திங்களில் இந்தியாவின் இறுதி நோயாளி காணப்பெற்றார். 1977ஆம் ஆண்டில் நாடு அப்பிணியினின்று விடுபட்டதென்று உறுதி செய்யப்பெற்றது. 1980ஆம் ஆண்டில் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. இலை நோயாளியைத் தேற்றியது. ஊசியோ நோயையே வேரறுத்தது. இரண்டிற்கும் உரிய இடத்தை அளித்தலே அறிவுடைமை. இன்றும் சின்னம்மை கண்ட கருவுற்ற மகளிரையும் முதியோரையும் வேப்பிலையோடு விட்டுவிடாது மருத்துவரிடம் காட்டுதல் கடமையாம்.

ஆலம் சுற்றுங்கால் நீர் சிவத்தலைச் சிறார் வியந்து காண்பர். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தோடு கூடியவழிச் சிவக்கும்; அவ்வளவே. மஞ்சள் தோய்த்த தாளைக் காரம் அறியும் கருவியாக வேதியியலாரும் கையாண்டனர். இதனை அறிந்தபின் ஆலத்தின் அழகு குறைகின்றதோ? எமக்குக் கூடிற்றென்றே தோன்றுகின்றது.

தழையென்றும் வேரென்றும் கூறப்படுவன யாவும் தீங்கற்றன என்று எண்ணற்க. பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் வழங்கும் வசம்பைக் குழந்தையின் கையிற் கட்டுவதால் வருவது ஒன்றுமில்லை. ஆயின் அதனைச் சுட்டு உரைத்து நாவிலே தடவுதல் வேறு. அதிலுள்ள அசரோன் என்னும் பொருளின் தீமை கருதி, வசம்பை உணவிற் கலத்தலாகாது என்று அமெரிக்க அரசினர் 1968ஆம் ஆண்டிலேயே தடுத்தனர்.

நீரும் நிலமும்

ஐம்பூதங்களையும் இறைவடிவாகக் கண்டது நம் நாடு. நிலத்திற்குக் காஞ்சியும், நீருக்குத் திருவானைக்காவும், தீக்குத் திருவண்ணாமலையும், வளிக்குக் காளத்தியும், வெளிக்குத் தில்லையும் உரிய தலங்கள் என்பர். காஞ்சி ஏகாம்பரநாதர் மணலாலமைந்த திருமேனியர் என்பது தலவரலாறு. ஆதலின் ஆண்டு இலிங்கத்திற்கு நீராட்டு இன்றிப் புனுகு சாத்துவர். எல்லாவற்றையும் தூய்மை செய்யும் நீரே ஓரிடத்தில் விலக்கப்படுதல் உணரத்தக்கது. பொருளின் இயல்பறிந்து செய்வதே சடங்கும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சேக்கிழார் பெருமான் பாடிய அடியாருள் இருவர் இப்பொருளிலே நம் நெஞ்சை ஈர்க்கின்றனர். ஒருவர் திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார். மனைவி மக்கள் பசித்திருக்க, நெல் கொள்ளுமாறு மனைவி தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதி வாங்கி ஆலயத்திற்குச் சென்றவர் அவர். மற்றவர் காஞ்சியிலே வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர். ஏகாலியர் மரபினராகிய அவர், அடியாரின் ஆடையை ஒலித்துக் கொடுத்தலையே தொண்டாகக் கொண்டவர். மழை பெய்து ஓயாமையால், குளிரால் நடுங்கும் முதிய அடியாரின் கந்தையை உலர்த்தித் தரமாட்டாது போயினமைக்கு வருந்தித் தம் தலையைக் கல்லிலே மோதப் புக்கார் என்பது வரலாறு. முன்னவர் புகையாலே தொண்டு செய்தார்; பின்னவர் நீராலே தொண்டு செய்தார். பிறர் அழுக்கைப் போக்குவார் ஒருவர் இத்துணை உயர்ந்த அடியாராகப் போற்றப்படுகின்றார். ஆயினும் அழுக்கைப் போக்கும் தொழிலினரையே அழுக்குடையார் என்று உலகம் ஒதுக்கி வந்தமை எத்துணைப் பெரிய முரண்!

எல்லை கடந்தவிடத்து

தூய்மைச் சடங்கு தீங்காக முடியும் வழிகள் இரண்டு. மருத்துவத்தின் இடத்தை அது பற்றிக்கொள்ளுதல் ஒன்று. மனிதனையே அழுக்கென்று முடிவு செய்தல் மற்றொன்று.

பாம்பு தீண்டினாரை இருத்தி, வேப்பிலை அடித்து மந்திரித்தல் சிற்றூர்களில் இன்னும் முற்றும் ஒழிந்திலது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். நச்சுமுறி மருந்து ஒன்றே உய்யும் வழி. அம்மருந்திற்கு வேண்டும் நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானோர் மாமல்லபுரத்திற்கு அணித்தாகிய வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பச்சிலையறிவிற் சிறந்த அப்பழங்குடியினரே மருத்துவமனைக்கு நஞ்சு தரும்பொழுது, கற்ற நாம் மந்திரத்தை நம்பிக் காலம் தாழ்த்தல் நாணத்தக்கதன்றோ?

மனநோயுற்றாரைப் பேய் பிடித்தார் என்று கருதிப் புண்ணியத் தலங்களிலே கொண்டுபோய் விடுதல் எல்லாச் சமயத்தார்க்கும் உரிய குற்றம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில், அத்தகையோரை வைத்திருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. அவருட் பலர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓடமாட்டாது 28 பேர் வெந்து மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அச்செய்தியை விசாரித்தது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை அறவே விலக்கியது. வேண்டுதலோடு மருந்தும் கிடைக்குமாறு அவ்வூரிலேயே பின்னர் ஏற்பாடு செய்யப்பெற்றது. வேண்டுவாரை வேண்டாவென்று விரட்டாது, மருந்தையும் உடன்தந்த அம்முறை போற்றற்குரியது.

இனி, மனிதனை அழுக்கென்று முடிவு செய்தலைப் பற்றிச் சிறிது கூறுவாம். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மராத்திய நாட்டு மகாட் என்னும் ஊரிலே அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுக் குளத்திற்குச் சென்று தண்ணீர் பருகினர். ஆடுமாடுகள் நாடோறும் பருகிய நீர் அது. அதனை இம்மனிதர் பருகியதும் குளம் தீட்டுற்றதென்று மேற்சாதியார் கூறினர். சாணமும் கோநீரும் பாலும் தயிரும் குடங்குடமாக அக்குளத்திற் சொரிந்து மந்திரம் ஓதி அதனைச் சுத்தி செய்தனர். நம் நாட்டிலும் 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையிலே ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிற் புகுந்தபொழுது, சுத்தி செய்தல் வேண்டும் என்னும் குரல் எழாமற் போகவில்லை. கிறிஸ்தவராகிய நாமும் இவ்விடத்திற் பிறரை நோக்கி விரல் நீட்டுதற்கு உரிமையுடையேம் அல்லேம். ஆலயத்திலே சாதிக்கு ஓர் இருக்கையும், கல்லறைத் தோட்டத்திலே சாதிக்கு ஒரு சுவரும் வைத்த திருச்சபைகள் நம் நாட்டில் இருந்தன அல்லவா? அத்திருச்சபைகளிலும் ஞானஸ்நானத்தின் நீர் ஒன்றே. அந்நீர் கழுவாத தீட்டொன்று எஞ்சியதென்று அவர் கருதினர் போலும்!

உள்ளத் தூய்மை

நம் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டிலும் தழையும் புகையும் புனலும் உண்டு. குஷ்டரோகி குணமடைந்தபின் அவனைச் சுத்திகரிக்கும் முறையை லேவியராகமம் 14ஆம் அதிகாரம் விரிக்கின்றது. அதற்குக் கேதுருக் கட்டையும், சிவப்பு நூலும், ஈசோப்பும், ஊற்று நீரும் வேண்டப்பெற்றன. பிணம் தொட்டோனுக்கு ஈசோப்பால் நீர் தெளித்தலை எண்ணாகமம் 19ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆசரிப்புக் கூடாரத்தின் தூபத்திற்கென்று தனிக் கலவை ஒன்று யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் வகுக்கப்பெற்றுளது. குஷ்டரோகிக்குரிய சடங்கிலே ஒரு நுட்பம் உண்டு. அது நோயைத் தீர்க்கும் சடங்கன்று. தீர்ந்தபின் செய்யும் சடங்கு. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த ஒருவனை மீண்டும் மக்கள் நடுவே அழைத்துக்கொள்ளும் வாயில் அது. சுத்திகரிப்பு என்பது ஒருவனைப் புறத்தே தள்ளுவதற்கன்றி உள்ளே சேர்ப்பதற்கே ஏற்பட்டது என்னும் உண்மையை இதனால் அறிகின்றோம். தூபத்தையும் பலியையும் விரும்பாது நீதியை விரும்பிய கடவுளைத் தீர்க்கதரிசிகள் காட்டினர். மனிதனைத் தீட்டுப்படுத்துவது புறத்தேயிருந்து உட்புகுவதன்று, அவன் இருதயத்தினின்று புறப்படுவதே என்று நம் ஆண்டவர் தெளிவுறுத்தினார். திருவள்ளுவரும் வாய்மை என்னும் அதிகாரத்திலே உடற்கு நீரையும் உள்ளத்திற்கு உண்மையையும் தூய்மைக் கருவிகளாக வகுத்தார். பாலஸ்தீன நாட்டிலும் தமிழ் நாட்டிலும் எழுந்த இவ்விரு குரலும் ஒன்றையே கூறுதல் நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாம்.

ஆகவே, வழிவழி வந்த ஒரு தூய்மைச் சடங்கை ஏற்பதோ விடுப்பதோ என்று ஐயுறுவார் மூன்று வினாக்களைத் தம்முள் வினவிக்கொள்க. இது மருந்துக்குத் துணையாய் நிற்கின்றதோ, மருந்தின் வழியை மறிக்கின்றதோ? இதனால் எழும் புகையும் கழிவும் அண்டை வீட்டாரின் மூச்சையும் வழியையும் கெடுக்கின்றனவோ? இது யாரையேனும் அழுக்கென்று ஒதுக்குகின்றதோ? இம்மூன்றிற்கும் தீங்கில்லை என்னும் விடை வருமாயின், வெள்ளிக்கிழமை மாலையில் எழும் அச்சிறு புகையை எவர் தடுப்பார்? பகல் முழுதும் தறிக்குழியில் இருந்து எழுந்த நெசவாளிக்கு அது ஓய்வின் மணம். மனையை மாலைக்கென்று ஒருங்கமைக்கும் தாய்க்கு அது ஒழுங்கின் மணம். தீங்குண்டு என்னும் விடை வருமாயின், எத்துணைப் பழைமையுடையதாயினும் அதனை விடுத்தலே தூய்மையாம்.

கல்லூரியிலே விஞ்ஞானம் பயிலும் நண்பர்களும் தமிழ் பயிலும் நாமும் இப்பணியில் ஒன்றுபடுதல் வேண்டும். அவர் இலையின் இயல்பை ஆய்க. நாம் இலையைச் செருகிய கையின் அன்பை ஆய்வோம். வழக்கங்கள் மறையுமுன் அவற்றை முதியோர்வாய்க் கேட்டு எழுதி வைப்போம். விடுமுறையில் நம் ஊர்க்குச் செல்லுங்கால், நோயாளியின் வாயிலில் வேப்பிலையைக் கண்டு நகையாது, உள்ளே இருப்பார்க்கு மருத்துவர் வந்தாரோ என்று வினவுவோம். வந்திலராயின் அழைத்து வருவோம்.